சமனி கழற்றிய காலை

படகில் ஏற்றியபோது கஸ்பார் அழுதான். தலையில் மாட்டியிருந்த கறுப்புத் துணிப்பைக்குள் மூச்சு முட்டியது. கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள். கரையிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று அலையின் எடுப்பை வைத்துக் கணிக்கப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து கடலில் முக்குளித்துப் பிழைத்தவனுக்கு அது கைவராத வித்தையல்ல. ஆனால் பயத்தில் புத்தி ஓடவில்லை. கால்சட்டையிலேயே சிறுநீர் போய்விட்டது. பக்கத்திலிருந்த சிப்பாய் "சீ" என்று காலை நகர்த்திக்கொண்டது கேட்டது. யாராவது ஒரு வார்த்தை பேசினால் போதும் என்றிருந்தது.

கொண்டுபோய் இறக்கிய இடம், நடுக்கடலில் நின்ற ஒரு பழைய எரிவாயுக் கிணற்று மேடை. வாயு தீர்ந்து கைவிடப்பட்ட பிறகு தென்கடல் கூட்டமைப்பின் ராணுவம் அதைச் சிறையாக்கியிருந்தது. இரும்புப் படிகளில் தள்ளி ஏற்றி, வெளிச்சமான ஓர் அறையில் உட்காரவைத்து, தலையிலிருந்த பையை உருவினார்கள். வெள்ளை மேலங்கி போட்ட வயதான மருத்துவர் ஒருவர் அவன் இடது காதுக்குப் பின்னால் மயிரை மழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, புளியங்கொட்டை அளவில் ஏதோ ஒன்றைத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்.

"பேரு?" என்று தைத்துக்கொண்டே கேட்டார்.

"கஸ்பார்."

"நான் டாக்டர் ஞானசிகாமணி. கொஞ்ச நேரத்துல நிம்மதியாயிடும் கஸ்பார்."

நிம்மதி என்று ஒன்றும் வரவில்லை. பயம் போனது. அதன் இடத்தில் வேறெதுவும் வந்து உட்காரவில்லை. கஸ்பார் குனிந்து தன் கால்சட்டையைப் பார்த்தான். ஈரமாக இருந்தது. அவ்வளவுதான். எதிரே நின்ற சிப்பாய்கள் அதைப் பார்த்தார்கள். அதுவும் அவ்வளவுதான்.

"இதுக்குப் பேரு சமனி," என்றார் மருத்துவர். "கைதிக்கு உடம்பாலயோ மனசாலயோ வேதனை குடுக்கக் கூடாதுன்னு நாடுகளுக்குள்ள ஒப்பந்தம் இருக்கு. அத மீறிட்டாங்கன்னு முன்னெல்லாம் வருஷா வருஷம் புகார் வரும். இப்ப புகாருக்கே வழியில்ல. இது உள்ள இருக்கற வரைக்கும் உனக்கு வலி தெரியும், ஆனா வலிக்காது. கையில சூடு பட்டா பட்டுச்சுன்னு தெரியும். அது உன்ன ஒண்ணும் செய்யாது. பயம், துக்கம், அவமானம் எல்லாமே அப்படித்தான்."

"சந்தோஷம்?" என்று கேட்டான் கஸ்பார்.

மருத்துவர் நூலை வெட்டினார். "இங்க எதுக்குப்பா அது?"

வெள்ளமடை கடற்கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று இருந்தது. கஸ்பாருக்கு அதில்தான் வேலை. கடலடியில் தண்ணீரை உறிஞ்சும் குழாய்களின் வாயில் பெரிய கம்பிவலைகள் இருக்கும். அவற்றில் சிப்பி பிடித்து அடைத்துக்கொள்ளும். கஸ்பார் முங்கிப் போய்ச் சுரண்டிவிட்டு வருவான். ஆலை வந்த பிறகு அந்தக் கரையில் மீன்பாடு செத்துப்போனது. ஆலை வெளியே தள்ளும் அடர்த்தியான உப்புநீரில் குஞ்சு மீன்கூட நிற்கவில்லை. வலையைக் கைவிட்ட பலர் ஆலைக்கு எதிராகக் கொடி பிடித்தார்கள். கஸ்பார் ஆலைக்குள்ளேயே வேலைக்குச் சேர்ந்தான். அதற்காக ஊரில் சிலர் அவனோடு பேசுவதில்லை.

வைகாசியில் ஒரு சாயங்காலம் ஆலையின் பம்பு அறை வெடித்தது. அந்த ஷிப்டில் வேலையிலிருந்த அத்தனை பேரும் செத்தார்கள். அவர்களில் ஒருவன் வேல்ச்சாமி. கஸ்பார் கடலிலிருந்து ஏறி வரும்போதெல்லாம் தன் டீயில் பாதியை ஊற்றிக் கொடுப்பவன். மூன்று மாவட்டங்களுக்குத் தண்ணீர் நின்றது. தண்ணீர் ஆலையைத் தாக்குவது போர்ச் செயல் என்று கூட்டமைப்பில் சட்டம் இருந்ததால் வழக்கு ராணுவத்துக்குப் போனது. வெடிப்பதற்குச் சற்று முன்னால் ஆலையின் கடல்பக்கக் கதவு திறக்கப்பட்டிருந்தது. திறந்தது கஸ்பாரின் நுழைவு அட்டை.

அன்று அந்த அட்டை கஸ்பாரிடம் இல்லை. அவன் மனைவி பிலோமியின் தம்பி தார்சிஸ் முந்தின நாள் வந்து கேட்டிருந்தான். "உள்ள செவுத்து ஓரமா சிங்கி எறா மொய்க்குதாம் அத்தான். ஒரே ஒரு தடவ. யாருக்கும் தெரியாது." கஸ்பார் கொடுத்தான். தார்சிஸ் போனது இறாலுக்குத்தானா, அவனிடமிருந்து அட்டை வேறு கைக்குப் போனதா, கஸ்பாருக்குத் தெரியாது. வெடித்த பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. அதற்குள் கஸ்பாரைப் பிடித்துவிட்டார்கள்.

விசாரித்தவர் கமாண்டர் ரகுவீர். மெலிந்த மனிதர். குரல் உயராது. ஒவ்வொரு முறையும் தனக்கு ஒரு டீயும் கஸ்பாருக்கு ஒரு டீயுமாகக் கொண்டுவரச் சொல்வார்.

"அட்டைய யாருகிட்ட குடுத்தே?"

"தெரியாது சார். எங்கயோ விழுந்துட்டு."

நிற்கவைத்தார்கள். பாதம் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. தூங்கவிடவில்லை. கைகளை மேலே கொக்கியில் மாட்டி விட்டார்கள். வலது தோளில் ஏதோ பிசகியது. தோள் பிசகிவிட்டது என்று கஸ்பாரே காவலனிடம் சொன்னான், குழாயில் தண்ணீர் ஒழுகுகிறது என்று சொல்வதுபோல. எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் முகம் ஒரு தடவைகூடச் சுளிக்கவில்லை. சட்டத்தின் கண்ணில் அங்கே யாரும் யாரையும் ஒன்றும் செய்யவில்லை.

தார்சிஸின் பெயரைச் சொல்லாததற்குப் பாசம் காரணமாக இருக்க முடியாது. பிலோமியின் தம்பி என்பது அப்போது அவனுக்கு ஒரு தகவல் மட்டுமே. ஆனால் பெயரைச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்தது. தார்சிஸும் இதே படகில் வருவான். அவன் காதுக்குப் பின்னாலும் இதை வைத்துத் தைப்பார்கள். அவன் செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் கடைசியில் ஒரே பதில்தான் வரும். சொன்னால் இங்கே ஓர் ஆள் கூடும், சொல்லாவிட்டால் கூடாது. சொல்லித் தொலைத்துவிடலாமே என்றும் ஒருமுறை நினைத்தான். அப்படிச் சொல்வதற்கும் ஒரு வேகம் வேண்டியிருந்தது. அது அவனிடம் இல்லை.

ஒருநாள் ரகுவீர் கேள்வியை மாற்றினார். "யாருகிட்டயும் குடுக்கலேன்னா நீதான் தெறந்தேன்னு ஆகுது. சரியா?"

கஸ்பார் யோசித்தான். "ஆமா சார். அப்பிடித்தான் ஆவுது."

"குண்டு வெச்சதும் நீதான்னு ஆகுது."

"அப்பிடிச் சொன்னா திரும்பக் கேக்க மாட்டியளா?"

"மாட்டேன்."

"சரி சார்."

வாக்குமூலம் காட்டிய திரையில் கட்டைவிரலை வைத்தான். ரகுவீர் அவனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்தவர் முகம் போல இல்லை அது. பிறகு ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

ராணுவமே அவனுக்கு ஒரு வக்கீலைக் கொடுத்தது. கேப்டன் சுகிர்தா என்ற இளம்பெண். முதல் சந்திப்பிலேயே அவள் அவனுடைய தோளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"கேட்டுக்கிட்டே இருந்தாவ. ஒத்துக்கிட்டா நிறுத்துவோம்னாவ."

"தண்டனை கெடைக்கும்னு தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"பயமா இல்லையா?" என்று கேட்டவள், கேட்ட பிறகு தன் கேள்வியின் மடத்தனத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டாள். "கஸ்பார், சமனிய எடுக்கச் சொல்லி மனு போடறேன். அது இல்லாம நீங்க கோர்ட்ல பேசணும். அட்டையப் பத்தி எங்கிட்டயாவது உண்மையச் சொல்லுங்க."

"விழுந்துட்டு மேடம்."

மனு தள்ளுபடியானது. சமனியை எடுத்தால் கைதிக்கு மன வேதனை உண்டாகும், அது ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று ராணுவத் தரப்பு பதில் சொன்னது. சுகிர்தா மறுபடி போட்டாள். மறுபடியும் தள்ளினார்கள்.

வழக்கு தொடங்கும் முன் பிலோமியைப் பார்க்க அனுமதித்தார்கள். கண்ணாடித் தடுப்பு இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன், நடுவில் ஒரு காவலன். கறுப்புச் சேலை கட்டியிருந்தாள். அவனைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்பிடி எலும்பா போய்ட்டியளே."

"சாப்பாடு தாறாவ. சாப்பிடத் தோணல."

அவள் அவன் கையைப் பிடித்தாள். உள்ளங்கை சூடாக இருந்தது அவனுக்குத் தெரிந்தது. இப்போது தானும் பிடிக்க வேண்டும் என்று நினைவு வந்து பிடித்தான்.

"மாமி போய்ட்டாவ," என்றாள் பிலோமி. "ஒங்கள புடிச்சிட்டுப் போனதுலருந்து படுத்த படுக்கைதான். கடைசி வரைக்கும் எம்புள்ள வந்துட்டானான்னே கேட்டாவ. எழவுக்கு ஒங்கள விடச் சொல்லி எல்லார் கால்லயும் விழுந்தேன்."

அவனுடைய அம்மா செத்துப்போயிருந்தாள். கஸ்பார் அந்த வாக்கியத்தைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

"சரி," என்றான்.

பிலோமி கையை உருவிக்கொண்டாள். "என்ன சரி?"

"எங்க அடக்கம் பண்ணுனிய?"

"கோயில் கல்லறையிலதான். ஒங்க அப்பா பக்கத்துல." அவள் அவன் முகத்தில் எதையோ தேடினாள். "எங்கிட்ட டாக்டர் சொன்னாரு, ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. தெரிஞ்சுதான் வந்தேன். ஆனா இப்பிடி இருக்கும்னு நெனைக்கல. ஒரு தடவ அழுவுங்களேன். பொய்க்காவது அழுவுங்க."

முயன்று பார்த்தான். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவன் வாய் கோணுவதைப் பார்த்து அவளே "வேண்டாம், வேண்டாம்" என்று தடுத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, காவலன் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தும் கேட்டாள்:

"அந்த அட்டைய யாருகிட்டதான் குடுத்திய? எவன காப்பாத்துறதுக்கு இப்பிடி வாய மூடிக்கிட்டு இருக்கிய?"

அவளுக்கும் தார்சிஸுக்கும் ஒரே மூக்கு. கஸ்பார் அதைப் பார்த்தான். "யாருகிட்டயும் குடுக்கல பிலோமி," என்றான். அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மேடையின் பழைய சாப்பாட்டுக் கூடத்தையே நீதிமன்றமாக்கியிருந்தார்கள். மூன்று ராணுவ அதிகாரிகள் நீதிபதிகள். செத்தவர்களின் குடும்பங்களிலிருந்து சிலரைக் கூட்டி வந்திருந்தார்கள். அரசுத் தரப்பில் வாதாடிய மேஜர் தனபாலன் பம்பு அறையின் படங்களைச் சுவரில் காட்டினார். கூடத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கஸ்பார் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு படத்தில் வேல்ச்சாமியின் டீ பிளாஸ்க் நெளிந்து கிடந்தது. அது வேல்ச்சாமியுடையது என்று அடையாளம் தெரிந்தது.

வேல்ச்சாமியின் மனைவி முத்துக்கனி எழுந்துவிட்டாள். "அவன் மூஞ்சியப் பாருங்கய்யா! எம்புருசன் கையால டீ வாங்கிக் குடிச்சவன். ஒரு சொட்டுத் தண்ணி வருதா கண்ணுல? பாருங்க!"

நீதிபதிகள் பார்த்தார்கள். சமனி வைக்கப்பட்டிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் பார்த்த முகம் பார்த்த முகம்தான்.

சுகிர்தா மருத்துவரைக் கூண்டில் ஏற்றினாள்.

"டாக்டர், சமனி இருக்கறவருக்கு சாவப் பத்திப் பயம் இருக்குமா?"

"இருக்காது."

"வீட்டுக்குப் போகணும்கற ஆசை?"

ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுவும் மங்கிடும்."

"அப்ப ஒத்துக்கறதும் ஒத்துக்காததும் அவருக்கு ஒண்ணுதானே?"

"மருத்துவ ரீதியா... ஆமா, அப்படிச் சொல்லலாம்."

அவள் நீதிபதிகள் பக்கம் திரும்பினாள். "தன்னிச்சையா ஒத்துக்கிட்டார்னு அரசுத் தரப்பு சொல்லுது. பயமில்ல, வலியில்ல, அதனால கட்டாயமில்லன்னு சொல்றாங்க. ஒருத்தர் தன்னிச்சையா ஒண்ணச் சொல்லணும்னா, சொல்லாம இருக்கணும்னு நெனைக்கவும் அவருக்கு முடியணும். இவருக்கு அது முடியாது. இவருகிட்ட நிலாவ நீதான் ஒடச்சேன்னு கேட்டிருந்தாலும் சரின்னு விரல் வெச்சிருப்பார். இது ஒப்புதல் இல்ல. கேள்வியோட எதிரொலி."

கஸ்பார் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் நன்றாகப் பேசுகிறாள் என்று தெரிந்தது. அவள் சொல்வது முழுக்கச் சரியில்லை என்பதும் தெரிந்தது. தார்சிஸின் பெயரைச் சொல்லாமல் இருப்பது தன்னால் முடிந்திருக்கிறது. அதை எழுந்து சொன்னால் யாரைப் பற்றி என்று கேட்பார்கள்.

தலைமை நீதிபதியாக இருந்த பிரிகேடியர் அவனை நேராகவே கேட்டார். "இப்ப ஒன்ன வெளிய விட்டா உனக்குச் சந்தோஷமா இருக்குமா?"

"இருக்காதுன்னு நெனைக்கேன் சார்."

"தூக்குல போட்டா?"

"அதுவும் ஒண்ணும் இருக்காது சார்."

"அப்ப எதுக்குப் பொய் சொல்லப் போறே? பொய் சொல்றதுக்கு ஒரு காரணம் வேணுமே."

சுகிர்தா உட்கார்ந்தபடியே கண்களை மூடிக்கொண்டாள். தீர்ப்பில் அந்தக் கேள்வியையே பதிலாக எழுதியிருந்தார்கள். பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லாத ஒருவன் தந்த வாக்குமூலத்தைவிட நம்பத் தகுந்த சாட்சி வேறில்லை என்றார்கள். சாகும்வரை சிறை. முத்துக்கனி அழுதாள். கஸ்பாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் சுகிர்தா அவனுடைய அறைக்கு ஓடி வந்தாள். தொப்பியைக் கையில் வைத்திருந்தாள்.

"சமனிய எடுக்கப் போறாங்க கஸ்பார். என் மனுவ ஏத்துக்கிட்டாங்களாம். இப்ப!"

"நல்லதுதானே மேடம். நீங்கதானே கேட்டிய."

"புரியலையா உங்களுக்கு? அந்த ஒப்பந்தம் விசாரணைக் கைதிக்குத்தான். நீங்க இப்ப தண்டனைக் கைதி. உங்களுக்கு வேற சட்டம். தண்டனைன்னா அத அனுபவிக்கறவன் உணரணுமாம்." அவள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நான் போட்ட மனுவ வெச்சுத்தான் எடுக்கறாங்க. வாபஸ் வாங்கறேன்னு சொன்னேன். உத்தரவு போட்டாச்சுங்கறாங்க."

அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டிய இடம் இது என்று கஸ்பாருக்குப் பட்டது. என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் சிப்பாய்கள் வந்துவிட்டார்கள்.

அதே வெளிச்சமான அறை. ஞானசிகாமணி காதுக்குப் பின்னாலிருந்த தழும்பைக் கீறி, சமனியை எடுத்து ஒரு தட்டில் போட்டார். டங்கென்று சத்தம் கேட்டது.

முதலில் வந்தது தோள். கஸ்பார் அலறிவிட்டான். பிறகு பாதங்கள், இடுப்பு, பல் ஈறு என்று ஒவ்வொன்றாக உடம்பு வந்து சேர்ந்தது. டீசல் நாற்றத்தில் குமட்டியது. நேற்றுக் கேட்ட சாகும்வரை என்ற சொல் இன்று வந்து அடித்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா," என்றான். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. அம்மா இல்லை. அழுகை வரும் என்று காத்திருந்தான். தோளுக்காகக் கண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கென்று ஒரு துளி வரவில்லை.

"எங்கம்மா செத்துட்டாவ சார்," என்று மருத்துவரைப் பார்த்தான். "வரமாட்டேங்குதே. இப்பத்தான் எடுத்துட்டியளே, ஏன் வரமாட்டேங்குது?"

ஞானசிகாமணி அவன் கண்ணைப் பார்க்காமல் பஞ்சை ஒட்டினார். "அது உள்ள இருந்தப்ப நடந்ததெல்லாம் எங்கயும் சேந்து கெடக்காதுப்பா. போனது போனதுதான். இனிமே நடக்கறதுக்குத்தான் வரும்." கருவித் தட்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

அவர் திறந்துவிட்டுப் போன கதவு வழியாகக் கமாண்டர் ரகுவீர் வந்தார். பின்னால் ஒரு சிப்பாய் இரண்டு டீயோடு வந்து வைத்துவிட்டுப் போனான். ரகுவீர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"நீ குண்டு வைக்கல. எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார் அதே தணிந்த குரலில். "வெச்சவன் வெளியில இருக்கான். நேத்து வரைக்கும் ஒங்கிட்டக் கேட்டது செவுத்துகிட்டக் கேட்ட மாதிரி. தண்டனை ஆனாத்தான் இத எடுக்க முடியும். அதான் அவசரப்பட்டோம்." டீயை அவன் பக்கம் நகர்த்தினார். "அட்டைய யாருகிட்ட குடுத்தே?"

தார்சிஸ் மேல் இதுவரை வராத ஆத்திரம் மொத்தமாக வந்தது. படுபாவி, என்ன செய்தாய், எதற்குக் கேட்டாய், என் அம்மாவின் எழவுக்குக்கூட என்னை இல்லாமல் செய்துவிட்டாயே. கூடவே, கஸ்பாரின் கல்யாணத்தன்று சின்னப் பையனாகத் தன் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, முழங்கை வரைக்கும் மடித்துவிட்டு, பந்தியில் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரிந்த தார்சிஸும் வந்தான். பிலோமி அவனுக்குச் சோறு ஊட்டிவிட்ட கையும் வந்தது. இரண்டே அசையில் முடிந்துவிடும் சின்னப் பெயர். சொல்லிவிட்டால் தோளுக்கு ஊசி போடுவார்கள். ஒருவேளை வீட்டுக்கே விடுவார்கள். கல்லறைக்குப் போய் உட்காரலாம். பெயர் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது.

"பயமா இருக்கா?" என்றார் ரகுவீர்.

"இருக்கு சார்." பற்கள் மோதிக்கொண்டன. "ரொம்ப இருக்கு."

"அப்ப சொல்லு."

கஸ்பார் டீயை எடுக்கப் போனான். கை ஆடியதில் பாதி தொடையில் கொட்டியது. சுட்டது. எரிச்சல் தாங்காமல் குனிந்து, தொடையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணீரோடு நிமிர்ந்தான்.

"விழுந்துட்டு சார்," என்றான். "எங்கயோ விழுந்துட்டு."

ரகுவீர் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோதும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கஸ்பார் அழுதுகொண்டே அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.